பிரஷர் ஏறிய இரவு

சென்ற இதழில் மோர் மிளகாயும் கொத்தவரை வற்றலும் போடும் பக்குவம் எழுதியிருந்தேன். இந்த இதழில் ஆவக்காய் ஊறுகாய் எழுதுவதாக வாக்கும் கொடுத்திருந்தேன். சகோதரிகள் மன்னிக்க வேண்டும். ஊறுகாய் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்தபடியே இருக்கிறது. காரணத்தைக் கேட்டால் நீங்களே, "ஊறுகாய் கிடக்கட்டும், முதலில் இதைச் சொல்லுங்கள்" என்பீர்கள்.

என் மாமியாருக்கு வயது 68. அன்னவாசல் கடைத்தெருவுக்கு இன்றைக்கும் நடந்தே போய், பேரம் பேசிக் காய் வாங்கி, நடந்தே திரும்புகிறவர். ரத்தக் கொதிப்பு இருப்பது ஒன்பது வருஷமாகத் தெரியும். தினம் காலையில் ஒரு மாத்திரை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று அரசாங்கம் ஆரம்பித்ததே, அதில் எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆகவே மாத்திரைக்குப் பஞ்சமில்லை. பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்குப் போனவர், நாத்தனார் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார். வரும்போதே முகம் வாடியிருந்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு, கூடத்தில் யாரோ ஹுக்கா பிடிக்கிற மாதிரி ஒரு கொறகொறப்பு. விளக்கைப் போட்டால், அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. "என்னத்தை செய்யுது?" என்றேன். "படுத்தா மூச்சு முட்டுது ஆத்தா" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது.

இனி நான் செய்த காரியங்களை ஒளிக்காமல் சொல்கிறேன்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் மிஷின் இருக்கிறது. என் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதைக் கட்டிப் பார்த்தேன். 228/126 என்று காட்டியது. மிஷின்தான் கெட்டுவிட்டது என்று மறுபடி கட்டினேன். பிறகு என் கையில் கட்டிப் பார்த்தேன். மறுபடி அத்தைக்கு. இப்படியே பத்து நிமிஷம் போயிற்று. அடுத்தது, "கொஞ்சம் படுங்கத்தை, சரியாயிடும்" என்று அவரைச் சாய்த்தேன். சாய்த்த மாத்திரத்தில் கண் செருக ஆரம்பித்தது. துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கும் மேலே, மாத்திரை டப்பாவிலிருந்து இரண்டு மாத்திரையைச் சேர்த்து எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். பாதி புரையேறி என் புடவையிலேயே வந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன், "அந்தக் காலத்திலே நாக்குக்கு அடியிலே ஒரு மாத்திரை வைப்பாங்க, டக்குனு இறங்கிடும். கடைக்காரரை எழுப்பட்டுமா?" என்றார். சரி என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

நல்லவேளை, என் வீட்டுக்காரர் அதற்குள் 108-க்குப் போன் செய்துவிட்டார். 2008-ல் நம் மாநிலத்தில் இந்த வண்டி வந்தபோது, மேடையில் பேசுகிற சங்கதி என்றுதான் நான் நினைத்தேன். அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. வந்த தம்பி முதலில் செய்த காரியம், அத்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டதுதான். "படுக்க வைக்காதீங்கம்மா, நுரையீரல்லே தண்ணி கோத்திருக்கும் போல" என்றான். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாட்டினான்.

புதுக்கோட்டைக்குச் சுமார் அரை மணிப் பயணம். 2017-ல் முள்ளூரில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்தார்கள். அதற்கு முன்பு இந்த மாதிரி கேஸ் என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வண்டிக்குள் உட்கார்ந்து, திருச்சி எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

அவசர சிகிச்சைப் பகுதியில் ஒரு பெண் டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். பிரஷரை வலது கையில் பார்த்து, உடனே இடது கையிலும் பார்த்தார். எதற்கு இரண்டு கை என்று பிறகு கேட்டேன். நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தால் இரண்டு கைக்கும் அளவு வித்தியாசப்படலாமாம். அது வேறு வியாதி, வேறு வைத்தியம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி நைட்ரோகிளிசரின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். (டைனமைட் வெடியில் இருப்பதும் இதே சரக்குத்தான் என்று என் மகன் சொன்னபோது நான் நம்பவில்லை. உண்மைதானாம்.) சிறுநீர் பிரிய ஓர் ஊசி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்த்து, சொட்டை ஏற்றுவதும் குறைப்பதுமாக நர்ஸம்மா பக்கத்திலேயே நின்றார். ஒரு மணி நேரத்தில் 165-க்கு வந்தது. சிறுநீர்ப் பை நிறைய நிறைய, அந்தக் கொறகொறப்பு அடங்கிக்கொண்டே வந்தது. விடிகிற நேரத்தில் அத்தை கண்ணைத் திறந்து, "பால்காரன் வந்தானா?" என்று கேட்டார். நான் அழுதேன்.

என்ன ஆயிற்று என்று டாக்டர் சொன்ன விளக்கம் இது. ரத்தக் குழாய்களில் அழுத்தம் அளவு மீறி ஏறும்போது, இருதயம் அந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் தள்ள முடியாமல் திணறும். ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கி, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கசிந்துவிடும். படுத்தால் இன்னும் மோசம். நான் படுக்க வைத்தேனே என்று நினைக்கும்போதெல்லாம் இப்போதும் கை நடுங்குகிறது.

இது எங்கள் கதை. அதே ராத்திரி அங்கே நான் பார்த்த மற்ற மூன்று பேரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த கட்டிலில் ஐம்பது வயசு ஆள். முதல் நாள் சாயங்காலமே வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை விழுந்துவிட்டது. "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். நடுராத்திரிக்கு மேல் பேச்சும் போகவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவருக்குப் பிரஷர் 204/110. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு. அதற்குப் பிறகு பிரஷரை இறக்க ஒரு மருந்தும் கொடுக்கவில்லை! அவர் மகன் பொறுக்க மாட்டாமல், "அந்தம்மாவுக்கு மட்டும் சொட்டு மருந்து ஏத்துறீங்க, எங்கப்பாவை ஏன் அப்படியே போட்டு வச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டான். உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான்.

டாக்டரம்மா கோபப்படாமல் அவனை உட்கார வைத்துச் சொன்னதை, நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். மாடி வீடு உள்ளவர்களுக்குச் சட்டென்று புரியும். தொட்டியிலிருந்து வரும் குழாயில் அடைப்பு. தண்ணீரின் வேகத்தையும் குறைத்தால் என்ன ஆகும்? கீழ் வீட்டுக் குழாயில் கொஞ்சமாவது வரும். மாடிக் குழாய் வெறும் காற்றைத்தான் ஊதும். மூளை மாடியில் இருக்கிறது. அடைப்புக்கு அப்பால் உயிருக்குப் போராடும் பகுதிக்கு, அந்த உயர்ந்த அழுத்தத்தில்தான் கொஞ்ச ரத்தமாவது போகிறது. அதனால் அடைப்பு வாதத்தில், அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்காத பட்சத்தில், 220/120-ஐத் தாண்டினால்தான் பொதுவாக முதல் நாள் பிரஷரை இறக்குகிறார்களாம். கரைக்கும் மருந்து கொடுப்பதென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான். அந்த மருந்துக்கோ, வாய் கோணிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. அடைப்பில்லாமல் ரத்தக் குழாய் வெடித்திருந்தால் முறையே வேறு. அப்போது இறக்கத்தான் வேண்டும். எது என்று ஸ்கேன்தான் சொல்லும். அந்தப் பையன் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சாயங்காலமே வந்திருக்கலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மூன்றாவது ஆள், வாட்டசாட்டமான ஓர் அம்மாள். வீட்டில் மருமகளோடு ஏதோ வாக்குவாதம். மிஷினைக் கட்டிப் பார்த்தால் 196/104. குடும்பமே வண்டி வைத்துக்கொண்டு வந்துவிட்டது. நெஞ்சு வலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, கண் மங்குகிறதா, கை கால் மரத்ததா, வாந்தியோடு தலைவலியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எதுவுமில்லை. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சிறுநீர் சோதித்தார்கள். பிறகு ஓர் ஓரமாக நாற்காலி போட்டு, பேசாமல் அரை மணி உட்காரச் சொன்னார்கள். மறுபடி பார்த்தால் 178/98. விட்டுப்போன மாத்திரையை மறுபடி ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி, இரண்டு நாளில் வெளிநோயாளி பிரிவுக்கு வரும்படி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு மகா கோபம். "இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன், ஒரு ஊசிகூடப் போடலே பாரு" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

ஊசி போடாததுதான் வைத்தியம் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது. பல வருஷம் உயர்ந்த அழுத்தத்திலேயே பழகிவிட்ட உடம்பு அது. திடீரென்று கீழே இறக்கினால், மாடிக் குழாய்க் கதைதான். மூளைக்கும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறைந்து, இல்லாத வாதத்தையும் மாரடைப்பையும் நாமே வரவழைத்ததாக ஆகும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன நாக்கடி மாத்திரை சும்மா கட்டுக்கதை இல்லை. 1980-களில் டாக்டர்களே நிஃபெடிபின் என்ற மருந்துக் குப்பியைக் குத்தி நாக்கின் அடியில் விட்டார்கள். கண்ணெதிரே அளவு இறங்கும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் டாக்டர்களே எழுதினார்கள். உறுப்பு எதற்காவது சேதம் தொடங்கிவிட்ட அவசரத்தில்கூட, பொதுவாக முதல் ஒரு மணி நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இறக்க மாட்டார்கள். பிறகு ஆறு மணி நேரத்துக்குள் 160/100 வாக்கில். அப்புறம் ஒன்றிரண்டு நாளில் மெதுவாக. எங்கள் அத்தைக்கு வேகமாக இறக்கியது நுரையீரலில் தண்ணீர் கோத்ததனால். அந்தக் கிழிந்த ரத்தக் குழாய் என்றால் அதைவிட வேகமாக இறக்குவார்களாம்.

நாலாவதாக வந்தது ஒரு சின்னப் பெண். இருபது, இருபத்தொன்று வயசு இருக்கும். எட்டாம் மாசம். அம்மாவின் தோளில் சாய்ந்து நடந்தே வந்தாள். முகமும் விரல்களும் வீங்கியிருந்தன. வளையல் சதையில் பதிந்து கிடந்தது. நெற்றிப் பொட்டில் விண்விண் என்று தலைவலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது, நெஞ்சுக்குழியில் வலி. "வாயுதான் டாக்டர், பெருங்காயம் கரைச்சுக் கொடுத்தேன்" என்றாள் அம்மாக்காரி. பிரஷர் 164/112. அன்றைக்கு அங்கே இருந்த நாலு பேரில் மேல் அளவு இவளுக்குத்தான் குறைவு. ஆனால் மொத்த வார்டும் ஓடியது இவளுக்குத்தான்! டாக்டரம்மாவே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பிரசவப் பகுதிக்குப் போனார்.

இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்க வேண்டும். கர்ப்பத்தில் கணக்கு வேறு. 140/90 வந்தாலே அதிகம். 160/110 என்றால் நிமிஷக் கணக்கில் வைத்தியம் தொடங்க வேண்டிய ஆபத்து. அடுத்த படி பேறுகால ஜன்னி. கண் சொருகி, கை கால் வெட்டி இழுக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர்ப் போராட்டம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்து, பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவள் பிழைக்கவில்லை. இன்றைக்கு மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்து இருக்கிறது. விலை அதிகமில்லாத பழைய உப்பு மருந்து. 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளிடம் சோதித்து, இந்த ஜன்னி வரும் அபாயத்தை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2002-ல் நிரூபித்தார்கள். பிரஷரை இறக்க வேறு மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். முழுத் தீர்வு பிரசவம்தான். குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரம்வரை இது தலைகாட்டலாம். பச்சை உடம்புக்காரி தலைவலி என்றால் தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடாதீர்கள், பிரஷர் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு மறுநாள் மத்தியானம் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது என்று வெந்நீர் பிடிக்க வந்த அம்மாக்காரி சொன்னாள். ஒன்றே முக்கால் கிலோவாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

அன்று டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு நான் விழித்தேன். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்? கடைசியாக என்று சாப்பிட்டார்? மூட்டுவலிக்கு ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறாரா? (வலி மாத்திரைகளில் பல, பிரஷரை ஏற்றுமாம்.) எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? மிஷினைத் தூக்கிக்கொண்டு போன நான், மாத்திரை அட்டையைக் கொண்டுபோகவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். வெறும் அளவு மட்டும் 180/120-ஐத் தாண்டி, மேலே சொன்ன தொந்தரவு எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வைத்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே டாக்டரைக் கேளுங்கள். இரட்டை மாத்திரை வேண்டாம். தொந்தரவு ஒன்று சேர்ந்தாலும் மிஷினை மூடி வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஐந்தாம் நாள் அத்தையை வீட்டுக்கு அழைத்து வந்தோம். மறுநாள் அவருடைய டிரங்குப் பெட்டியில் புடவை எடுக்கப் போனேன். அடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே மாத்திரைகள். எண்ணிப் பார்த்தேன். 53.

"என்னத்தை இது?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாத்திரை போட்டா கால் ரெண்டும் வீங்கிப் போகுது ஆத்தா. கோயில்லே படி ஏற முடியலே. நீ ஏசுவேன்னுதான் சொல்லலே. காசு போட்டு வாங்குற சாமானைத் தூக்கிப் போட மனசு வரலே" என்றார்.

கால் வீக்கம் அந்த வகை மாத்திரைக்கு உள்ள சாதாரணப் பக்கவிளைவுதானாம். டாக்டரிடம் சொன்னேன்; சிரித்துக்கொண்டே வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வரி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். தினமும் காலையில் "மாத்திரை போட்டாச்சா?" என்று நான் கேட்டதுண்டு. "மாத்திரை ஒத்துக்குதா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

விடுமுறைக்கு வந்த என் மகன் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கதையைச் சொன்னான். 1944 மார்ச்சில் அவருக்குப் பிரஷர் 186/108. உலகத்திலேயே பெரிய பதவி, பக்கத்திலேயே இருதய டாக்டர். ஆனால் பிரஷரை இறக்க நல்ல மருந்தே அன்றைக்குக் கிடையாது. உப்பைக் குறை, ஓய்வெடு, சிகரெட்டைக் குறை என்பதற்கு மேல் அதிகம் செய்ய வழியில்லை. 1945 ஏப்ரல் 12-ம் தேதி, பின்மண்டையில் பயங்கர வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளவு 300/190. மூளையில் ரத்தம் கசிந்து அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. வயசு 63. நாலு வருஷம் கழித்து, 1949-ல், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நம் நாட்டு சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துப் பிரஷர் இறங்குவதை வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதினார்.

அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயோ பாவம், அம்புட்டுப் பெரிய மகராசனுக்கு மாத்திரை கொண்டாந்து குடுக்க ஒரு புள்ளே இல்லாமப் போச்சே" என்றார். பிறகு புது அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து, நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

ஆவக்காய் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்த வருஷம் சின்ன ஜாடிதான்.